சுக்குக் கஷாயம் எதற்கு?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. நிலம் வாங்க வந்தவரின் மகன் ‘அப்பாவுக்கு கோல்ட் ஃபீட்’ என்று செய்தி அனுப்ப, நீ ‘சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுங்கள்’ என்று பதில் போட்டாயே, படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவருக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஜகா வாங்குகிறார், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, பத்திரம் பதிகிற நாள் நெருங்கும்போது உதறல் எடுக்கிறதே, அதற்குத்தான் ‘கால் குளிர்ந்துவிட்டது’ என்கிற அந்த ஆங்கிலச் சொல். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு வரும் கலக்கத்தையும் அப்படித்தான் சொல்வார்கள். ஆரம்பத்திலிருந்தே இரண்டுங்கெட்டானாக இருப்பவனுக்கு இது பொருந்தாது. அவன் வேலிமேல் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். நம் மதில்மேல் பூனை.

ஏன் கால் என்று கேட்டிருக்கிறாய். அமெரிக்கரான ஸ்டீபன் கிரேனின் ‘மேகி’ நாவலில், 1896 பதிப்பிலேயே இந்தப் பொருளில் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய சங்கதி. பென் ஜான்சனின் ‘வோல்போனி’ நாடகம், 1606 வாக்கில் மேடையேறியது. அதில் வெனிஸ் நகரத்தில் லேகியக்காரன் வேஷம் கட்டியவன், லம்பார்டிப் பழமொழி ஒன்றைச் சொல்லி, எனக்கொன்றும் கால் குளிரவில்லை, சரக்கை மலிவாகத் தள்ளமாட்டேன் என்று வீறாப்புப் பேசுகிறான். அங்கே கால் குளிர்வதென்றால் கையில் காசில்லை என்று அர்த்தம். செருப்புக்கு வழியில்லாதவன் கால் குளிரத்தானே செய்யும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆக, இப்போது குளிர்வது அவர் கால். உன் கால் குளிர்ந்தமாதிரி அவசரப்பட்டு விலையைக் குறைத்துவிடாதே.

இதைத் தமிழில் ‘குளிர்ந்த பாதம்’ என்று எழுதினால் பிணத்தைச் சொல்வதுபோல இருக்கிறது. ஆனால் நம் ஊரிலும் பயம் குளிர்தான். பெரிய கிணற்றில் மேட்டிலிருந்து குதித்துவிட்டு ஈரத்தோடு நின்றோமே, உன் அப்பா என்ன சொன்னார்? “ரெண்டு பேருக்கும் குளிர் விட்டுப்போச்சு!” பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது எனக்கு.

அப்புறம், முழங்கால் வலி தேவலை. தை பிறந்ததும் அங்கே வருகிறேன். கஷாயத்துக்கு அந்தப் பையன் என்ன பதில் போட்டான் என்று நீ எழுதவே இல்லையே?

உன்,
மணி