தைராய்டு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் சார்பாக, மருந்துக்கடைக்காரர்களுக்கு

மருந்துக்கடை அண்ணன்மாருக்கும் பார்மசிஸ்ட் தங்கைகளுக்கும் வணக்கம்.

தைராய்டு டாக்டரை நாங்கள் பார்ப்பது ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை. உங்களைப் பார்ப்பது மாதாமாதம். டாக்டரிடம் கேட்க மறந்ததையும் கேட்கக் கூச்சப்பட்டதையும் உங்களிடம்தான் கேட்கிறோம். நீங்கள் சொல்வதை அப்படியே கேட்டும் நடக்கிறோம். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

அயோடின் உப்பு புழங்கும் ஊர்களில் தைராய்டு குறைந்துபோவதற்கு முதல் காரணம் ஹாஷிமோட்டோ நோய். 1912-லேயே ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் எழுதிவைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்திலுள்ள சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். சுரப்பி தர வேண்டியதை மாத்திரை தருகிறது. ரிப்போர்ட் நார்மல் என்று வருவதே அந்த மாத்திரையால்தான். "நார்மல் வந்துடுச்சா? அப்போ நிறுத்திப் பாருங்க" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. மாத்திரையிலுள்ள தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அசதியும் மலச்சிக்கலும் முகவீக்கமும் மெல்லத்தான் வரும், வரும்போது மாத்திரையை நிறுத்தியதே மறந்திருக்கும்.

அப்புறம், அளவு. இது மில்லிகிராம் கணக்கு இல்லை, மைக்ரோகிராம். போனில் ஆர்டர் சொல்லும்போது 'இருபத்தஞ்சு' என்பதும் 'எழுபத்தஞ்சு' என்பதும் வண்டிச் சத்தத்தில் ஒன்றுபோலத்தான் கேட்கும். என் பெரியம்மாவுக்கு இதய நோய் உண்டு; டாக்டர் அவருக்கு 25-தான் எழுதியிருந்தார். ஒரு கடையிலிருந்து 75 வந்தது. பாட்டில் அதே நிறம், அதே கம்பெனி, எழுத்தோ பொடி. படபடப்பு, தூக்கமில்லை, கை நடுக்கம். வெயில் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போனில் சொன்னால், "இரண்டு அஞ்சா, ஏழு அஞ்சா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

கேட்ட கம்பெனி இல்லையென்றால் வேறு கம்பெனி தருவது தப்பில்லை. ஆனால் மாற்றியதைச் சொல்லிக் கொடுங்கள். கம்பெனி மாறினால் சிலருக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறி, கூடினால் இறங்கும் ரத்தப் பரிசோதனை அளவு) கொஞ்சம் ஏறி இறங்கும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். பாட்டிலைத் திறந்து முப்பது மாத்திரையை எண்ணிக் காகிதக் கவரில் போட்டுத் தருவதை மட்டும் விட்டுவிடுங்கள். வெளிச்சமும் ஈரமும் சூடும் இந்த மாத்திரைக்கு ஆகாது. சித்திரை வெயிலில் அந்தக் கவர் ஸ்கூட்டர் டிக்கியில் எத்தனை நேரம் கிடக்குமோ!

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னால் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கர்ப்பிணிகளின் சீட்டைப் பாருங்கள். தைராக்சின், இரும்புச்சத்து, கால்சியம் மூன்றும் ஒரே பில்லில் இருக்கும். மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. இரும்பும் கால்சியமும் தைராக்சினை உடம்பில் சேரவிடாது. நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். குழந்தைக்கு முதல் சில மாதங்கள் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். மூன்று மருந்தும் ஒன்றாக உங்கள் கையில் இருக்கும் அந்த நேரத்தில் நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நான் மிகவும் சங்கடப்படுவது முடிக்கென்று விற்கும் வைட்டமினான பயோட்டின் விஷயத்தில். தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டுகிறது என்று உங்களிடம் வந்தால் 10 மில்லிகிராம் பயோட்டின் கொடுக்கிறீர்கள். கெடுதல் எண்ணி இல்லை, கேட்கிறார்கள், கொடுக்கிறீர்கள். ஆனால் பல லேப்களின் தைராய்டு பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம். ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகவும், டி4 (ரத்தத்திலுள்ள தைராக்சின்) அதிகமாகவும் காட்டலாம். மருந்து கூடிப்போனதுபோல ரிப்போர்ட் இருக்கும். டாக்டர் அளவைக் குறைப்பார். முடி இன்னும் கொட்டும். அந்த அம்மா இன்னொரு பயோட்டின் பட்டை வாங்க உங்களிடமே வருவார். பயோட்டின் ரத்தப் பரிசோதனைகளைத் திரித்துவிடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்திருக்கிறது.

விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தைராய்டு டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும், சாப்பிடுவதை லேபிலும் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வரியைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி, அந்தப் பெட்டிகள் இருக்கும் அலமாரியில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் பாட்டில் வாங்க வரும் ஒரு வாடிக்கையாளர்
திருச்சி