சாவியைத் திருப்பும்போது அளந்து பார்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூட்டுவலி குறைந்து இப்போது தோட்டத்துக்கு நடந்தே போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஆனால் ஜீப்பைப் பற்றி நீ எழுதியிருந்த பக்கத்தைப் படித்த பிறகு, வேறு எதையும் பற்றி எழுத எனக்குத் தோன்றவில்லை. புதிய பேட்டரி வாங்கியாயிற்று; இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ஆர்மேச்சர் கட்டி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றியாயிற்று; அப்படியும் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் முனகிக்கொண்டு ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது என்கிறாய். இவ்வளவு செலவு வைத்தவர்களில் ஒருவர்கூட வோல்ட்டும் தடையும் அளக்கும் ஒரு மீட்டரை எடுத்து வைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அதே பக்கத்தின் கடைசியில், நான்கைந்து முறை செல்ஃப் அடித்தால் ஆக்சிலரேட்டர் கேபிள் கை வைக்க முடியாதபடி சுடுகிறது என்று பேச்சுவாக்கில் எழுதியிருக்கிறாய். நோய் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். செல்ஃப் மோட்டாருக்குள் போன கரண்ட் அதன் உடல் வழியாக இன்ஜினுக்கு வந்து, அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். இன்ஜினோ கரண்ட் கடத்தாத ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் சேர்ந்திருக்கும் சேசிஸோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, அதைச் சேர்ப்பது பின்னல் கம்பியாலான எர்த் பட்டைதான். அந்தப் பட்டை அறுந்தாலோ அதன் போல்ட்டடியில் துரு ஏறினாலோ, டீசல் இன்ஜினைச் சுற்ற வேண்டிய 200, 300 ஆம்பியர் கரண்ட் கிடைத்த இரும்பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். மெல்லிய ஆக்சிலரேட்டர் கேபிள் அதைத் தாங்காமல் கொதிக்கிறது. மோட்டாரும் பேட்டரியும் பழுதில்லாமல் இருக்கும்போதே இப்படி நடக்கும்.

போன மாதம் என் பக்கத்து வீட்டுக்காரரின் வேனிலும் ஏறக்குறைய இதே கதைதான். நிறுத்தி வைத்திருந்தபோது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரிக்கு அது சரியான அளவு. செல்ஃப் அடிக்கும்போது 10.8. அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும் என்பதால் அதை விட்டுவிட்டேன். பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலும், மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன், 0.3 வோல்ட்தான் வழியில் இழப்பு. அடுத்து மோட்டாரின் உடலிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் கம்பம் வரை அளந்தபோது 1.9 வோல்ட் என்று வந்தது. கால் வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாத இடம் அது. மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.6 வோல்ட் மட்டுமே என்றால் அது எப்படி வேகமாகச் சுற்றும்? கிளட்ச் தட்டு மாற்றியபோது யாரோ கியர்பாக்ஸுக்குப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்ட்டின் மேலேயே எர்த் கேபிளை முடுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து மறுபடி முடுக்கினேன். இழப்பு 0.15 வோல்ட்டுக்கு இறங்கி, இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

மீட்டரை ஓம் அளவில், அதாவது தடையை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்தால் போதாதா என்று நீ கேட்பாய், ஐ.டி.ஐ.யில் படித்த நாளிலும் கேட்டவன்தான். போதாது. நூறு இழைகளில் ஐந்து மட்டும் மிஞ்சிய கேபிளும் மீட்டருக்குச் சுழியமாகவே தெரியும், ஏனென்றால் மீட்டர் அதன் வழியாக அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். ஆனால் 200 ஆம்பியர் ஓடும்போது ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தால்கூட இரண்டு வோல்ட் அங்கேயே வெப்பமாகிவிடும். மீட்டரின் இரண்டு வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. ஆகவே சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட்டை அளப்பதைத் தவிர வேறு நம்பகமான வழியை நான் இத்தனை வருடத்தில் கண்டதில்லை.

சத்தத்தையும் கவனி. முனகாமல் டக்-டக்-டக் என்று விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்சான சாலினாய்டு இழுத்து இழுத்து விடுகிறது என்று பொருள். அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை உள்ளே இழுப்பது, மற்றொன்று இழுத்த இடத்தில் பிடித்து வைப்பது. காண்டாக்ட் சேர்ந்ததும் இழுக்கும் சுருளின் இரண்டு முனைகளிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அது ஓய்ந்துவிடுகிறது. அந்த நொடியில் மோட்டார் கரண்டை இழுத்து வோல்ட் சரிந்தால், பிடிக்கும் சுருளால் மட்டும் தாங்க முடியாமல் பிளஞ்சர் திரும்பி வரும், வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். பேட்டரி இறங்கியிருந்தாலும் டெர்மினல் தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான். ஒரே ஒரு டக் மட்டும் கேட்டு மோட்டார் அசையவில்லை என்றால், சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்களுக்கிடையே அளந்து பார். சாவி திருப்பிய நிலையிலும் 12 வோல்ட்டுக்கு அருகில் காட்டினால் உள்ளே தாமிரக் காண்டாக்ட் கருகிப் போயிருக்கிறது. சத்தமே வராவிட்டால் சாவி ஸ்விட்சிலிருந்து வரும் சிறிய வயரையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். உன் ஜீப்புக்கு இவையெல்லாம் தேவைப்படாது என்றே நம்புகிறேன்.

அளக்கும்போது கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் சுற்றும். பத்து நொடிக்கு மேல் அடிக்காதே. ஒவ்வொரு முறைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் மோட்டாரை ஆறவிடு. எர்த் பட்டையைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும் என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை, இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பட்டையை மாற்றுவதாக இருந்தால் பழையதைவிடத் தடிமனானதாகப் பார்த்து வாங்கு. சுட்டுப்போன ஆக்சிலரேட்டர் கேபிளையும் மாற்றிவிடு. உறை உருகியிருந்தால் அது நடுவழியில் சிக்கிக்கொள்ளும், மலைப்பாதையில் போய்வருகிறவன் நீ.

இன்ஜின் சூடாவதற்கு முன், விடியற்காலையிலேயே செய்து பார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் எவ்வளவு, பாசிட்டிவ் பக்கம் எவ்வளவு இழப்பு, எர்த் பக்கம் எவ்வளவு இழப்பு என்று மூன்று எண்களைக் குறித்து எனக்கு எழுது. அவை வரும்வரை வேறு எந்தச் சாமானையும் வாங்காதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்