மதில் தோட்டத்துக்கு அனுமதி கிடைத்தது: தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் அயலவர்களுக்கும்,

வணக்கம். இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில் உள்ள எங்கள் ஊர் மதில் தோட்டத்தைச் சீர்செய்து, பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய இளையோருக்குத் தோட்டவேலையும் சுண்ணாம்புக் கொத்துவேலையும் பழக்குவதற்குக் கவுன்சில் அனுமதி கொடுத்துவிட்டது. திட்ட அனுமதியும், பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு வேண்டிய தனி ஒப்புதலும் ஒன்றாகவே கிடைத்திருக்கின்றன. இதற்காக உழைத்தவர்களில் பலருடைய பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது. அதனால்தான் இந்த மடல்.

உள்ளே வந்து பாராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தின் பழைய மாளிகைகளின் சமையலறைக்குக் காய்கனி தந்தவை இந்தத் தோட்டங்கள். செங்கல் மதில் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் வெப்பத்தை விடும். தெற்கு பார்த்த முகத்தில் பீச்சும் அத்தியும் படரவிட்டு வளர்த்தார்கள். அவற்றைக் கட்டிய ஆணிகள் இன்றும் காரையில் இருக்கின்றன. எங்கள் வடக்கு மதிலின் உள்ளே வெற்றிடம் இருக்கிறது. பின்புறம் அடுப்பு மூட்டினால் சூடான புகை மதிலுக்குள் வளைந்து வளைந்து ஓடும். வசந்தகால உறைபனியில் பூக்கள் கருகாமல் காப்பதற்கு அப்படி ஓர் ஏற்பாடு. முதலாம் உலகப் போருக்கு ஆட்கள் போனபின், நாடு முழுக்க இத்தகைய தோட்டங்கள் பல கவனிப்பாரற்றுப் போயின. எங்களுடையதும் அப்படித்தான் முட்புதருக்குள் மறைந்தது.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற அந்தக் கொத்தனாருக்கு. மதிலில் சில இடங்களில் யாரோ எப்போதோ சிமெந்து பூசியிருந்தார்கள். சிமெந்து ஈரத்தை வெளியே விடாது; குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். அவர் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்து, எங்கே பழைய காரையை விட்டுவைக்கலாம், எங்கே பிரித்துக் கட்ட வேண்டும் என்று சோக்கால் கோடு போட்டுத் தந்தார். அந்தக் கோடுகளை வைத்தே கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். இருவரும் ஒரு காசுகூட வாங்கவில்லை.

உள்ளூர் வரலாற்றுச் சங்கத்து அம்மாவுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. பழைமையான தோட்டத்துக்குள் பயிற்சி நிலையம் பொருந்துமா என்ற கேள்வி தொடக்கத்திலேயே வந்தது. அவர் பழைய குடிமதிப்புப் பதிவேடுகளைப் புரட்டி, வடக்கு மதிலுக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் அறைகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் தங்கித் தொழில் பழகியதை எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்துப் பெரிய தோட்டங்களில் அதுதான் வழக்கம். இரவில் எழுந்து அடுப்புக்குக் கரி போடுவார்கள், சில காலம் பழகியபின் அடுத்த தோட்டத்துக்குப் போவார்கள். 1851இல் லண்டனில் திறந்த கிறிஸ்டல் பலஸ் என்ற பெரிய கண்ணாடி மண்டபத்தை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டனும் தோட்டப் பையனாகத் தொடங்கியவர்தான். இருபதுகளின் தொடக்கத்திலேயே சாட்ஸ்வர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரரானார். ஆக, இளையோருக்குத் தொழில் பழக்குவது இந்த மதிலுக்குப் பழகிய வேலை. எங்கள் விண்ணப்பம் நின்றதே அந்த வாதத்தின் மேல்தான்.

கவுன்சிலின் திட்டக் குழுக் கூட்டத்தில் ஆதரவாகப் பேச மூன்றே நிமிடம். முட்புதர் வெட்ட ஒருநாள் வந்து, பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்த தம்பி ஒருவன் அதை எடுத்துக்கொண்டான். வகுப்பறையில் ஒரு மணித்தியாலம் இருக்க முடியாத தான், பேரி மரத்தில் எந்த மொட்டை விட்டு வெட்டுவது என்று கால் மணித்தியாலம் யோசித்து நிற்பதைச் சொன்னான். காகிதம் பார்க்காமல் சொன்னான். தம்பி, உன் அம்மா பின்வரிசையில் இருந்து கேட்டார். உங்கள் இருவருக்கும் எங்கள் அன்பு.

விண்ணப்பத்துக்காக, தோட்டத்து வௌவால்கள் வெளியே பறப்பதைக் கணக்கெடுக்க மே முதல் செப்ரெம்பர் வரைதான் காலம்; தவறினால் ஒரு வருடம் போய்விடும். பொழுது சாயும் நேரத்தில் மடக்குக் கதிரை போட்டு, கூரை இடுக்குகளைப் பார்த்தபடி இருந்த உயிரியலாளருக்கும் அவருடைய மாணவர்களுக்கும் நன்றி.

எதிர்த்து எழுதிய அயலவர்களுக்கும் மனதார நன்றி. ஒடுங்கிய ஒழுங்கையில் வாகனங்கள் கூடிவிடும் என்று அவர்கள் சொன்னது சரி. அதனால் கார்களை ஊர் மண்டபத்தில் நிறுத்தவும், பிள்ளைகளைச் சிறிய பஸ்ஸில் கொண்டுவரவும் திட்டத்தை மாற்றினோம். முதல் திட்டத்தைவிட இது நல்லது.

தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களே, உங்களுக்கு என்ன சொல்ல! ஆதரவுக் கடிதங்களை எண்ணிப் பார்த்து அனுமதி தருவதில்லை. திட்டமிடலுக்குப் பொருந்தும் காரணம் அவற்றில் இருக்கிறதா என்றே பார்ப்பார்கள். நீங்கள் ஒரே கடிதத்தைப் படியெடுத்து அனுப்பாமல், அவரவர் பிள்ளைக்கு இந்த ஊரில் தொழில் பழக எங்கே இடமிருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதினீர்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்த அப்பம்மா ஒருவர் சொல்லச் சொல்லப் பேரன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதமும் அதில் இருந்தது. துப்புரவு நாட்களில் வந்த கத்தரிக்காய்க் குழம்பையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அனுமதியோடு நிபந்தனைகளும் வந்திருக்கின்றன. மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். காரையின் கலவையையும் நிறத்தையும் காட்ட ஒரு மாதிரிச் சுவர்த்துண்டு கட்டி, அதிகாரி பார்த்து ஒப்பியபின்தான் மதிலில் கைவைக்கலாம். சுண்ணாம்புக் காரைக்கு உறைபனி ஆகாது. எனவே கொத்துவேலை வசந்தத்தில்தான். பறவைகள் கூடு கட்டத் தொடங்குமுன் மிச்ச முட்புதரை வெட்டி முடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குக் கதவு திறந்திருக்கும். தடித்த கையுறை கொண்டுவாருங்கள். மதியச் சோறு எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
மதில் தோட்டத் தன்னார்வலர்கள் சார்பில்,
செயலாளர்