பாதியில் நின்ற டுகாட்டி கைமாறியது

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. பிசியோதெரபியை மட்டும் விட்டுவிடாதே, வலித்தாலும் செய்.

பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. நீ கவென்ட்ரி வந்திருந்தபோது கராஜில் போர்வையை விலக்கி பாதி கட்டிய ஒரு டுகாட்டி பைக்கைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? அதை விற்றுவிட்டேன். போன சனிக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இன்ஜினின் பெயரைச் சொன்னதும், "தர்மாவா? நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கே" என்றாய். டுகாட்டி 1977இல் கொண்டுவந்த மாடல் அது. இத்தாலியக் கதையில் வரும் ஒரு புலியின் பெயர். 864 சிசி, இரண்டு சிலிண்டர், ஒன்றுக்கொன்று 90 டிகிரி. நான் வாங்கியது விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியின் இன்ஜினை மட்டும்தான். 1998இல் வாங்கினேன். கணக்குப் போட்டுப் பார், எத்தனை வருடம் என்னோடு இருந்திருக்கிறது!

அந்த இன்ஜின் அழகு, ஆனால் நீளம். முன் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்திருப்பதால் முன் சக்கரத்தைத் தள்ளி வைக்க வேண்டும். கம்பெனி வண்டியில் சக்கரத்துக்குச் சக்கரம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும். நேர் சாலையில் ரயில் மாதிரி போகும், வளைவில் திரும்ப யோசிக்கும். அதைக் குறைக்கத்தான் தனி ஃபிரேம். பர்மிங்ஹாம் பக்கம் ஒரு பெரியவர் செய்து கொடுத்தார். இன்ஜினைச் சில டிகிரி பின்னுக்குச் சாய்த்து உட்காரவைத்து, முன் சக்கரத்துக்கு இடம் பிடித்தார். குழாய் ரெனால்ட்ஸ் 531, அந்த ஊர்க் கம்பெனி 1935இல் கொண்டுவந்த மாங்கனீசு மாலிப்டினம் எஃகு. சூடு மிஞ்சினால் அதன் வலு போய்விடும். அதனால் குழாயையே உருக்கி ஒட்டாமல், வெண்கலக் கம்பியை உருக்கி இணைப்பில் ஓடவிடுவார்கள். அவர் கேஸ் டார்ச் பிடித்து ஒட்டுவதை ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்ளே, ஒவ்வொரு இணைப்பும் சின்னச் சின்ன அலை மாதிரி, ஒரே அகலத்தில் இருக்கும். அவர் இப்போது உயிரோடு இல்லை. நீ திருவொற்றியூர் என்ஃபீல்டு ஆலையில் வேலை பார்த்தவன், உனக்கு இந்த வேலையின் அருமை தெரியும். இதே பாணியில் ஃபிரேம் செய்து பேர் வாங்கிய ஹாரிஸ் கம்பெனியைத்தான் 2015இல் உங்கள் ராயல் என்ஃபீல்டு வாங்கியது. என்ஃபீல்டின் கான்டினென்டல் ஜிடி 535 பைக்குக்கு ஃபிரேம் வடிவமைத்ததும் அவர்கள்தான்.

ஃபிரேம் முடிந்தது. கிராங்க், பேரிங் எல்லாம் புதிதாக்கினேன். அலுமினிய டேங்க் பாதி தட்டியதோடு நிற்கிறது. வயரிங் தொடவே இல்லை. நான் மாட்டிக்கொண்டது ஷிம்மில், அதாவது இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய உலோக வளையங்களில்.

இந்த இன்ஜினில் டைமிங் செயின் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தண்டு கீழிருந்து மேலே போகும், அதன் இரு முனையிலும் சாய்பல் கியர். பற்கள் சரியாகக் கடிக்க, முடி கனத்தில் அந்த வளையங்களைப் போட்டுப் போட்டு அளக்க வேண்டும். இறுகினால் சீட்டி அடிக்கும், தளர்ந்தால் கடகடக்கும். அப்புறம் வால்வு. மூடும் வேலையை ஸ்பிரிங்கிடம் விடவில்லை, அதற்கும் தனி ராக்கர், அதாவது சின்ன நெம்புகோல். திறக்க ஒன்று, மூட ஒன்று, நான்கு வால்வுக்கு எட்டு இடைவெளி. ஃபாபியோ தாலியோனி என்ற டுகாட்டி இன்ஜினியர் இதையெல்லாம் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு வரைந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பக்தியே உண்டு. ஆனால் இரண்டு வருடமாக என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மூட்டுவாதம். 0.1 மில்லிமீட்டர் வளையத்தை எடுத்தால் விரலில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்றே தெரிவதில்லை. போன குளிர்காலத்தில் ஒரு வளையத்தைத் தேடி ராத்திரி இரண்டு மணிவரை தரையைக் கூட்டினேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் பாகம் பாகமாகப் பிரித்து விற்கிற வியாபாரி. 9,500 பவுண்டு, மறுநாளே பணம். அவருக்கு இன்ஜின்தான் வேண்டும். "ஃபிரேமை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "யாராவது சுவரில் மாட்ட வாங்குவார்கள்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஃபிரேமில் வேறு எந்த இன்ஜினும் உட்காராது.

இன்னொருவர் லீட்ஸ்காரர், நாற்பது வயது இருக்கும், டூல்ரூமில் வேலை. இடைவெளி அளக்கும் தகடுகளான ஃபீலர் கேஜைச் சொந்தமாகவே கொண்டுவந்தார். முதல் ஒரு மணி நேரம் விலையே பேசவில்லை. இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தார், கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். அவரால் 7,800தான் தர முடிந்தது. கொடுத்துவிட்டேன். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 1,700 பவுண்டு சின்னத் தொகை இல்லை, ஆனாலும் சொல்லவில்லை.

பதிவு விஷயத்தை முதலிலேயே உடைத்துச் சொன்னேன். வண்டியின் அடையாளம் ஃபிரேமில்தான் இருக்கிறது. புது ஃபிரேம் என்பதால் பரிசோதனைக்குக் கொண்டுபோய் அனுமதி வாங்க வேண்டும், அநேகமாக, அடையாளமோ வயதோ உறுதியில்லாத வண்டிக்குத் தரும் க்யூ எழுத்து நம்பர் பிளேட்தான் கிடைக்கும். பழைய நம்பரைப் புது ஃபிரேமில் குத்தி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது திருட்டுக்குச் சமம். அவர் யோசித்துவிட்டு, "க்யூ பிளேட்டோடும் வளைவில் திரும்பும் அல்லவா?" என்றார். அப்போதே இவர்தான் என்று தோன்றியது.

இனிதான் தாமதத்தின் கதை. ஷிம் அளவெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன், இருபத்து சொச்சம் வருடக் குறிப்பு, முழுக்கத் தமிழில். கராஜில் தனியாக இருக்கும்போது எனக்கு ஆங்கிலம் வராது. நோட்டு இல்லாமல் வண்டியைக் கொடுத்தால் வாங்கியவர் முதலிலிருந்து அளக்க வேண்டும். ஆகவே தினம் சாயங்காலம் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதினேன். "கொஞ்சம் முக்குகிறது", "நேற்றைக்குப் பரவாயில்லை" என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், அதை எப்படிப் பெயர்ப்பது சொல்! எண்களை மட்டும் தந்தால் போதாது என்று அதற்கும் விளக்கம் எழுதினேன். அந்த இரண்டு வாரம், வண்டியை மறுபடி ஒருமுறை கட்டி முடித்த மாதிரி இருந்தது.

நேற்று இரவு லீட்ஸிலிருந்து ஒரு போட்டோ வந்தது. ஷிம் போட்டு வைத்த காகித உறைகளில் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் எழுத விட்டுப்போயிருக்கிறது. என் கையெழுத்தில் "பின் சிலிண்டர், கீழ் கியர், சந்தேகம்" என்று இருந்தது. "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தார். போன் போட்டு, அதை நம்ப வேண்டாம், திரும்ப அளந்து பாருங்கள் என்றேன். அளந்துவிட்டுத்தான் கேட்கிறேன், 0.1 கூடுதலாக இருக்கிறது என்றார்.

ஜனவரியில் சென்னை வருகிறேன். அதற்குள் நீ ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மாப்ளே