வீட்டுப் பட்டியலை யார் எழுதுவது?

பெருந்தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் நிதியங்களின் அறங்காவலர்களுக்கும்,

வணக்கம்.

வீட்டுத் திட்டம் வருகிறது என்று செய்தி கிடைத்ததும் எங்கள் இலங்கை மலையகத் தோட்டத்தில் எழும் முதல் கேள்வி, வீடு பெறுவோர் பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதுதான். இந்தக் கேள்விக்கு லண்டனில் ஒரு பணக்காரர் 1862ஆம் ஆண்டிலேயே எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார்.

ஜோர்ஜ் பீபொடி, அமெரிக்காவின் மசாசுசெட்ஸில் 1795இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1837இல் லண்டனில் குடியேறி, அமெரிக்க மாநிலங்களின் கடன் பத்திரங்களை விற்றுச் செல்வம் சேர்த்தார். பிற்கால மோர்கன் வங்கிகளின் வேர் அவருடைய நிறுவனத்தில்தான் இருக்கிறது. தரகுப் பணத்துக்கு மாலை போட இதை எழுதவில்லை. லண்டன் ஏழைகளின் குடியிருப்புக்காக 1862 மார்ச்சில் அவர் 150,000 பவுண் ஒதுக்கினார். 1869இல் இறந்த அவருடைய உயிலையும் சேர்த்தால் தொகை 500,000 பவுண். முதல் கட்டடம் 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் திறக்கப்பட்டது. வாடகையில் மிஞ்சியது அடுத்த கட்டடத்துக்குப் போனது. அந்த அறக்கட்டளையிடம் இன்று ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன.

பணத்தோடு அவர் அனுப்பிய கடிதத்தைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். உதவி பெறுபவர் லண்டன் ஏழையாக, நன்னடத்தை உள்ளவராக இருந்தால் போதும். மதச் சார்போ கட்சி அரசியலோ நிதியின் நிர்வாகத்துக்குள் நுழையவே கூடாது என்று அதில் நிபந்தனை விதித்தார். கடிதம் பத்திரிகையிலும் வெளிவந்தது. பணம் எந்த விதிப்படி செலவாக வேண்டும் என்பதை ஊரே அறிந்தது.

அந்தக் கடிதத்தைப் பெற்ற அறங்காவலர்களில் ஒருவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். ஆம், 1845 முதல் 1850 வரை இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த அதே டெனன்ட்தான். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்த நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களில் செத்து மடிந்த காலம் அது. லண்டன் தொழிலாளியின் கூரைக்குக் காவலிருந்தவருக்கு நம் லயன்கள் என்னும் வரிசை வீடுகள் தெரியாதவை அல்ல.

பீபொடி குடியிருப்புகளையும் புனிதமாக்க வேண்டாம். வாடகையை வாரந்தோறும் முன்கூட்டியே கட்ட வேண்டும். இரவு 11 மணிக்கு வெளிக்கதவு பூட்டப்படும். நாட்கூலிக்கு அலைந்த பரம ஏழைக்கு அந்த வாடகை கட்டுப்படியாகவில்லை என்று அன்றே கண்டித்தார்கள். உள்ளே போனவரும் வாடகைக்காரராகவே இருந்தார்.

இனி நம் கதை. இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, தகரத்தால் அடைத்து அடுப்பு வைத்து, புகை கறுப்பாக்கிய சுவரை ஒட்டியே மகனும் மருமகளும் படுக்கும் காம்பராக்கள் (லயன் அறைகள்) இன்றும் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் வீடு கேட்டுப் போனவரிடம், "எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறாய்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். கூரை ஒழுகுகிறதா, மண் சரிகிறதா என்பதெல்லாம் பிறகு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவு லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. மண்ணுக்குச் சந்தா புத்தகம் வாசிக்கத் தெரியாது.

கட்டி முடித்த வீட்டின் சுவரில் அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர் என்று வரிசையாகப் பெயர் பொறித்த கல் இருக்கிறது. குடியிருப்பவரின் பெயர் கல்லிலும் இல்லை, பல இடங்களில் காணி உறுதிப் பத்திரத்திலும் இல்லை. 1992 முதல் கணக்கிட்டுக் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை எழுத முடிந்த அரசுக்கு, 7 பேர்ச் வீட்டு நிலத்துக்கு உறுதி எழுதுவது மட்டும் மலையாகத் தெரிவது ஏன்?

இந்திய உதவி வீடுகளானாலும் அரச வீடுகளானாலும் கேட்பது ஒன்றே. யாருக்கு வீடு, எந்த அடிப்படையில் என்ற விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு வெளியிடுங்கள். மண்சரிவு அபாயத்தில் இருப்பவருக்கு முதலிடம் என்று அதில் எழுதுங்கள். தெரிவானவர், தவறியவர் இரு பட்டியலையும் காரணத்தோடு, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டுங்கள். எந்தத் தொழிற்சங்கத்தின் கடிதமும், எங்கள் சங்கத்தினுடையதும் சேர்த்துத்தான், தகுதியாகக் கொள்ளப்படாது என்று ஒரு வரி சேருங்கள். சாவி கொடுக்கும் அன்றே உறுதியையும் கொடுங்கள், கணவன் மனைவி இருவர் பெயரிலும்.

அடுத்த பட்டியல் தயாராகிறது என்று கேள்விப்படுகிறோம். அது வெளிவருமுன் விதி வெளிவரட்டும்.

இப்படிக்கு,
லயனில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளி ஒருவர்
நுவரெலியா மாவட்டம்