1911 ரூபாயும் பாட்டி கேட்ட கேள்வியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய பொருள் சேகரிப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதிப்பு தெரியாமல் விற்றவரிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியதை ஒரு அன்பர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். "அவர் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன், இதில் என்ன தப்பு?" என்றும் கேட்கிறார். முப்பது வருடமாக நாணயம் சேர்க்கிறேன். தப்பு இருக்கிறது. நானே அதைச் செய்திருப்பதால் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். மஞ்சள் துணி முடிச்சில் பதினாலு வெள்ளி ரூபாய். "எடைக்கு எடை போட்டுக் குடு தம்பி" என்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் 1911 என்று இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. அந்த வருட அச்சில் தும்பிக்கை குட்டையாக அமைந்துபோனதால் அது பன்றி மாதிரி தெரிந்தது. மக்கள் கொதித்ததும் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சுமார் 94 லட்சம் அடித்ததில் 7 லட்சம் அளவுக்குத்தான் வெளியே போயிருந்தது. மீதியை உருக்கிவிட்டு, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். நாங்கள் 'பன்றி ரூபாய்' என்போம். எடைக்குப் போட்டால் அதுவும் 11.66 கிராம் நாணயம்தான். சேகரிப்பவருக்கு அதன் விலையே வேறு.

பாட்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல ஏதாச்சும் விசேஷமா இருக்கா தம்பி?" என்றார். "எல்லாம் ஒண்ணுதான் பாட்டி" என்றேன்.

அன்று இரவு அந்தக் காசை ஆல்பத்தில் வைக்க மனம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லி மீதிப் பணத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். "அன்னைக்கே கேட்டேனே, ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

சட்டம் தெரிந்த நண்பர்கள், சும்மா இருப்பது மோசடி ஆகாது என்பார்கள். சரிதான், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பொதுவாக அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதோடு உள்ள உதாரணங்களையும் படிக்க வேண்டும். விலை மாற்றம் தெரிந்தும் சொல்லாத ஒருவர் அதில் வருகிறார். சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை என்கிறது சட்டம். ஆனால் அங்கே இரண்டு பேருமே வியாபாரிகள். இன்னொரு உதாரணத்தில் குதிரை வாங்க வந்தவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறார். அங்கே விற்பவரின் மௌனம் பேச்சுக்குச் சமம். பாட்டி கேட்ட கேள்விக்கு மௌனமாக இருந்திருந்தாலே தப்பு. நான் வாய் திறந்து பொய் சொன்னேன்.

கடைக்காரரிடம் வாங்கும்போது எனக்கு இந்த உறுத்தல் இல்லை. அவருக்கு அது தொழில், கற்றுக்கொள்ள வழியும் இருக்கிறது. நம்மை விவரம் தெரிந்தவர் என்று நம்பி வீட்டிலிருந்து முடிச்சோடு வருகிறவர் வேறு. 'வருடக்கணக்காகப் படித்து, அலைந்து தெரிந்துகொண்டதற்குக் கூலி வேண்டாமா?' என்று கேட்பார்கள். நிச்சயம் வேண்டும். இப்போது இப்படி வருபவரிடம், இது வெளியே என்ன விலைக்குப் போகும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் மூன்றில் இரண்டு பங்கு தருகிறேன். சம்மதமில்லை என்றால் வேறு இடத்தில் காட்டச் சொல்கிறேன். சிலர் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த இதழில் அந்த 1911 ரூபாயின் படத்தை, யானை தெரியும்படி பெரிதாகப் போடுங்கள். பக்கத்தில் 1912 ரூபாயையும் வைத்தால் வித்தியாசம் எல்லோருக்கும் புரியும். பழைய காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் விலை போய்விடும் என்றும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர்,
கும்பகோணம்