நிவாரணப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெள்ளம் வந்தால் ஹெக்டேருக்கு இவ்வளவு நிவாரணம் என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது கடைசிப் பக்கத்தில்கூட வருவதில்லை.

2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்தபோது, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். மன்னார்குடி பக்கம் என் சித்தப்பாவுக்கு ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். கணக்குப்படி பதினாறாயிரம் வரவேண்டும், பாதிதான் வந்தது. ஏன் என்று கேட்டால் "மேலே இருந்து வந்தது அவ்வளவுதான்" என்கிறார்கள். ஒரு வயலைக் கணக்கெடுக்காமலே விட்டுவிட்டார்களா, இல்லை அதில் சேதம் முப்பது சதவீதம்தான் என்று எழுதிவிட்டார்களா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. 33 என்று எழுதினால் பணம், 32 என்று எழுதினால் ஒன்றுமில்லை. எழுதியவர் வரப்பில் நின்று பார்த்து எழுதினாரா, டீக்கடையில் உட்கார்ந்து எழுதினாரா என்பதை யார் பார்ப்பது?

நான் பிழைப்புக்கு வந்திருக்கும் பெங்களூரில், பக்கத்து வீட்டுத் துமகூருக்காரர் தன் போனில் கர்நாடக அரசின் 'பரிஹாரா' பக்கத்தைத் திறந்து காட்டினார். ஊரைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்று பெயரோடு வருகிறது. இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். 2023 வறட்சிக்கு முதலில் தலைக்கு 2,000 வரைதான் கொடுத்தார்கள், மத்திய அரசின் பணத்துக்காக மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது, கடைசியில் வந்த பணத்தையும் சில வங்கிகள் பழைய கடனில் வரவு வைத்துக்கொண்டன. ஆனால் பட்டியல் கண்ணுக்குத் தெரிவதால் சண்டை போடவாவது ஒரு பிடி இருக்கிறது.

மானியம் எப்படிக் கொடுக்கப்படுகிறது, பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவே சொல்கிறது. நூறு நாள் வேலைக் கணக்கைச் சமூகத் தணிக்கையில் ஊர் முன்னால் வாசிக்க முடிந்தது என்றால் இதை மட்டும் ஏன் முடியாது? தனிநபர் விவரம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் வேண்டாம். பெயர், சர்வே எண், பரப்பு, சேத சதவீதம், தொகை, விட்டுப்போனவருக்கு விட்ட காரணம், இவ்வளவு போதும். அதுவும் பணம் போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஊரில் எல்லோரும் பார்க்கிற சுவரில் ஒட்டவேண்டும், அப்போதுதான் ஆட்சேபம் சொல்ல நேரம் இருக்கும். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர் பாடு வேறு. பயிர் அவருடையது, பணம் சென்னையில் இருக்கும் நிலக்காரர் கணக்கில் விழுந்தால் அதுவும் அந்தச் சுவரில் தெரிந்துவிடும்.

உங்கள் தாலுகா நிருபர்கள் ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, பழைய பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அப்படியே அச்சில் போடட்டும். கொடுக்க மறுத்தால் மறுத்த கடிதத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு